சமய நம்பிக்கையும் தொடர்பாடற் கொள்கையும்

ஒருவர் உள்ளத்தெழுந்த கருத்து மற்றொருவர் உள்ளத்தைச் சென்றடையுமாறு எங்ஙனம் என்னும் வினா மிகத் தொன்மையானது. அவ்வினாவை ஆராயும் அறிவுத்துறை தொடர்பாடலியல் என்னும் பெயருடன் பல்கலைக்கழகங்களில் தனியிடம் பெற்றதோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். அத்துறைக்கு அடிகோலியனவற்றுள் ஒன்றாக எண்ணப்படுவது, பெல் தொலைபேசி ஆய்வுகூடத்திற் பணியாற்றிய குளோட் ஷனன் 1948 இல் வெளியிட்ட கணிதக் கட்டுரை. அனுப்புவோன், செய்தி செல்லும் வழி, இடையே புகும் இரைச்சல், பெறுவோன் என்னும் உறுப்புக்களாகத் தொடர்பாடலைப் பகுத்து, செல்லும் செய்தியின் அளவைக் கணக்கிடும் முறையை அவர் வகுத்தார். செய்தியின் பொருள் யாது என்பது பொறியியலாளன் ஆராய வேண்டுவதன்று எனத் தெளிவுறக் கூறி, அதனை ஒதுக்கியும் வைத்தார். தந்திக் கம்பிக்கு அக்கணக்குச் சாலும், மனிதருக்குச் சாலாது. சொல்லைப் பெற்றவன் அதனை ஏன் நம்புகின்றான், சொல்லியவன் ஏன் மெய் சொல்லவேண்டும் என்னும் வினாக்கள் அக்கணக்கினுள் அடங்கா.

ஒதுக்கப்பட்ட அப்பொருளை ஆராயப் புகுந்தோருட் பலர் சமயப் பற்றுடையோராயிருந்தமை கருதத்தக்கது. அவர்தம் நம்பிக்கை அவர்தம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்றா, இடையூறாயிற்றா என்பது இன்றும் வாதிக்கப்படுகின்றது. ஆய்வாளன் தன் சமயத்தை மண்டபத்தின் வாயிலிலே பாதரட்சையைப் போலக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே புகுதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். சமயம் உரைத்த உண்மை இருக்கையில் ஆராய்ச்சி அதற்கு உரையெழுதுவதன்றி வேறில்லை என்பர் மற்றொரு சாரார். இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வழக்கன்று. காலையிலே தேவாரம் ஓதி, அடுத்த பாடவேளையிலே விஞ்ஞானமும் அளவையியலும் கற்கும் மாணாக்கன், தன் அறிவை இரு அறைகளாக்கி இடையே கதவடைத்து வாழ்வதா என்னும் வினாவை அவ்வழக்கு எழுப்புகின்றது. ஆதலின் இரு சாராரின் கூற்றும் ஈண்டு ஆராயப்படும்.

மேல்நாட்டார் வழக்கில் இவ்வாராய்ச்சிக்கு முன்னோடியாவார் அகுஸ்தீனார் (354-430). 389 ஆம் ஆண்டளவில் அவர் தம் மைந்தனோடு உரையாடும் முறையில் இயற்றிய 'ஆசிரியர்' என்னும் நூல், சொற்கள் எதனையேனும் கற்பிக்கின்றனவா என வினவுகின்றது. சொல் ஓர் அடையாளம் மாத்திரமே. அடையாளம் குறிக்கும் பொருளை முன்னரே அறியாதவனுக்கு அடையாளத்தாற் பயனில்லை. முன்னரே அறிந்தவனுக்கோ அது புதிதாக ஒன்றைக் கற்பிப்பதில்லை. அவ்வாறாயின் கல்வி நிகழ்வது எங்ஙனம்? உள்ளத்தினுள்ளே உறையும் மெய்ம்மையாகிய ஆசிரியர் ஒருவரே கற்பிக்கின்றார் என்பதும், அவர் கிறிஸ்துவே என்பதும் அகுஸ்தீனாரின் விடை. இவ்விடையை ஏற்போர் அவர் சமயத்தவரே. வினாவோ எச்சமயத்தவரையும் விடாது தொடர்வது. வகுப்பிலே ஒரு பொருளைப் பன்முறை விளக்கியும் விளங்காதிருந்த மாணவனுக்கு ஒருநாள் அது தானே விளங்கிவிடக் கண்ட ஆசிரியர் எவரும் அவ்வினாவின் உண்மையை மறுக்கமாட்டார். நம்பிக்கை தந்த விடையும் நம்பிக்கை எழுப்பிய வினாவும் வேறுவேறு என்பது இங்கே தெளிவாகின்றது.

இருபதாம் நூற்றாண்டிலே தொடர்பாடலியலைப் பொதுமக்களும் அறியச் செய்தவர் கனடா நாட்டு அறிஞர் மார்ஷல் மக்லூகன் (1911-1980). கேம்பிரிட்ஜிற் பயின்ற அவர், செஸ்ரேற்றனின் நூல்களால் ஈர்க்கப்பட்டு 1937 இற் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். 1946 முதல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக் கத்தோலிக்கக் கல்லூரியாகிய சென் மைக்கேல் கல்லூரியிற் கற்பித்தார். 1962 இலும் 1964 இலும் அவர் வெளியிட்ட இரு பெரு நூல்கள், ஒரு கருவி கொண்டுசெல்லும் செய்தியினும் அக்கருவி மக்கள் வாழ்க்கையின் அளவையும் போக்கையும் மாற்றுந் திறனே பெரிது என்னும் கருத்தை நிலைநாட்ட முயன்றன. அந்நூல்களிலே அவர் தம் சமயத்தை வெளிப்படையாகப் பேசவில்லை. எனினும் அவர் மறைவின் பின் 1999 இல் தொகுக்கப்பட்ட சமயக் கட்டுரைகளிலே, கருவியும் செய்தியும் முழுதும் ஒன்றாகி நிற்பது கிறிஸ்துவிடத்தே என்னும் கருத்தைக் காணலாம். வார்த்தை மாமிசமாயிற்று என்னும் நம்பிக்கையுடையவருக்கு, சொல்லையும் அதனைத் தாங்கும் உடலையும் பிரித்துப் பார்த்தல் இயலாது. செய்தியையே நோக்கி ஊடகத்தை மறந்திருந்த அறிஞர் உலகிலே ஊடகத்தை நோக்குமாறு அவரைத் தூண்டியதில் அந்நம்பிக்கைக்கும் பங்குண்டு எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஆனால் அவ்வடிப்படை எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதும் ஆராயற்பாலது. செவிவழி வாழ்ந்த ஆதி மனிதரின் ஒருமை, அச்செழுத்து வந்தபின் நேர்ந்த பிளவு, மின்னூடகங்களால் மீண்டும் கைகூடும் ஒருமை என மக்லூகன் வரலாற்றை மூன்றாகப் பகுத்தார். பேரின்ப நிலை, வீழ்ச்சி, மீட்பு என்னும் கிறிஸ்தவ வரலாற்று வடிவம் இதனுட் கிடத்தல் வெளிப்படை. வடிவம் சமயத்தினின்று வந்தது என்பதனால் மாத்திரம் அது பிழையாகிவிடாது. பிழையா சரியா எனச் சோதிக்கும் வழி இருந்ததா என்பதே வினா. 1969 இல் அமெரிக்க மாத இதழொன்றுக்கு அளித்த செவ்வியிலே, மின்னூடகங்களால் மனிதகுலம் ஒன்றுபடுதலைக் கிறிஸ்துவின் மறையுடலுக்கு ஒப்பிட்டு அவர் நம்பிக்கையோடு பேசினார். அதே ஆண்டில் பிரான்சிய மெய்யியலாளர் ஜாக் மரிற்றேனுக்கு எழுதிய கடிதத்திலோ, அம்மின்னுலகம் அம்மறையுடலின் போலி எனவும் கிறிஸ்துவுக்கு எதிரானவனின் வெளிப்பாடு எனவும் அஞ்சினார். ஒரே மனிதர், ஒரே நம்பிக்கை, ஒரே ஆண்டு, தீர்ப்போ இரண்டு. மின்னூடகம் மனிதரை என்செய்யும் என்பதை அந்நம்பிக்கை தானே முடிவுசெய்யவில்லை என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. உலகில் நிகழ்வதை உலகிலே கண்டுதான் அறிதல் வேண்டும்.

மக்லூகனிடம் சென் லூயிஸ் பல்கலைக்கழகத்திற் பயின்றவர் இயேசு சபைத் துறவி வோல்ற்றர் ஓங் (1912-2003). மக்லூகனைப் போலன்றி இவர் நிரலான ஆராய்ச்சி முறையுடையவர். பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சிய அளவையியலாளர் பீற்றர் இராமு பற்றி 1958 இல் வெளியிட்ட பெருநூலிலே, அச்சுப் புத்தகமும் பாடவட்டவணையும் பெருகப் பெருக உரையாடலாக இருந்த கல்வி எவ்வாறு வரைபடமாகச் சுருங்கியது எனக் காட்டினார். 1967 இல் வெளிவந்த நூலிலே, ஒலியானது உள்ளிருந்து வருவது, ஆதலின் ஒருவர்தம் இருப்பை மற்றவர்க்கு உணர்த்துவது. காட்சியோ பொருளின் புறத்தே நின்றுவிடுவது, ஆதலின் காண்போனையும் காணப்படுவதையும் பிரிப்பது என வாதித்தார். இறைவன் வார்த்தையாக மனிதனை அழைக்கின்றான் என்னும் விவிலிய மரபு இவ்வாதத்தின் பின்னணியில் நிற்றலை அவர் மறைத்தாரல்லர்.

இவ்வாதத்தின் மீது இருவகைத் தடை நிகழ்த்தலாம். முதலாவது, காட்சி பிரிக்கும் என்னும் பொதுவிதி பற்றியது. சிவாலயத்திலே திரை நீங்கித் தீபாராதனை நிகழும்போது கைகூப்பி நிற்கும் அடியவன் மூர்த்தியைக் காண்கின்றான். தான் அம்மூர்த்தியாற் காணப்படுகின்றான் என்றும் உணர்கின்றான். தரிசனம் என்னும் சொல்லின் முழுப்பொருள் அதுவே. அவனுக்குக் காட்சி பிரிவன்று, கூட்டம். எனவே ஓங் காட்சியின் இயல்பாகக் கூறியது ஒரு சமயத்தார் காட்சியைக் கையாண்ட முறையேயன்றிக் கண்ணின் இயல்பன்று. அமெரிக்க அறிஞர் ஜொனதன் ஸ்ரேண் 2003 இல் வெளியிட்ட நூலிலே, செவிக்கும் கண்ணுக்கும் இவ்வாறு குணங்களை வகுத்தோதும் வழக்கம் ஆராய்ச்சி முடிபன்று, கிறிஸ்தவ ஆன்மிக மரபின் எதிரொலி என எடுத்துக்காட்டியிருப்பதும் இதனோடு ஒத்தது.

இரண்டாவது தடை, எழுத்தறியாச் சமுதாயத்தின் நினைவாற்றல் பற்றியது. 1982 இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலிலே ஓங், வேதம் எழுத்தின் துணையின்றிச் சொற் பிறழாது காக்கப்பட்டது என்னும் கூற்றை ஐயுற்றார். வாய்மொழிப் பாடகர் ஒவ்வொரு முறையும் புதிதாகவே பாடலைக் கட்டுவர் என்னும் முடிபு, காவியப் பாடகரை நோக்கிப் பெறப்பட்டது. வேதம் ஓதுவோரின் முறை அதுவன்று. தொடரைச் சொற்களாகப் பிரித்து ஓதும் பதபாடம், முதற்சொல்லையும் இரண்டாஞ் சொல்லையும், பின் இரண்டாவதையும் மூன்றாவதையும் எனச் சங்கிலி போற் பிணைத்து ஓதும் கிரமபாடம், முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓதும் சடை, கனம் என்பன, ஓரெழுத்து வழுவினும் கண்டுபிடிக்குமாறு அமைந்த காவல்கள். ஒலி மாறின் பயன் மாறும் என்னும் நம்பிக்கையே இக்காவலை அமைத்தது. ஆகவே ஒருவர்தம் சமயத்தினின்று பெறப்பட்ட பொதுவிதி, பிறிதொரு சமயத்தார் வாழ்க்கையாகிய சான்றினால் திருத்தம் பெறுகின்றது. இது சமயச் சண்டையன்று, ஆராய்ச்சி.

பிரான்சு நாட்டு அறிஞர் ஜாக் எலுல் (1912-1994) இவ்விருவரினும் வேறான ஒரு வழியைக் கைக்கொண்டார். சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த அவர், 1962 இல் பிரசாரம் பற்றி எழுதிய நூலிலே, கற்றவர் பிரசாரத்திற்கு ஆட்படார் என்னும் பொதுநம்பிக்கையை மறுத்தார். செய்திகளை மிகுதியாக நுகர்ந்து, எதனைப் பற்றியும் கருத்துடையராயிருத்தல் வேண்டும் என்று எண்ணும் கற்றோரே அதற்கு எளிதில் இரையாவர் என்பது அவர் கண்டது. பொய்யினால் மாத்திரமன்று, தேர்ந்தெடுத்துத் தொடுத்த மெய்யினாலும் பிரசாரம் நிகழும் என்றார். கைத்தொலைபேசியிலே கணந்தோறும் செய்தி வந்து விழும் இக்காலத்தில் அந்நூல் முன்னினும் பொருளுடையதாகின்றது. எலுலிடம் போற்றத்தக்கது அவர் முறை: சமூகவியல் நூல்களை வேறாகவும் இறையியல் நூல்களை வேறாகவும் எழுதினார். முன்னவற்றைச் சோதிக்க வாசகன் கிறிஸ்தவனாயிருக்க வேண்டுவதில்லை. ஆயினும் 1981 இல் வெளியிட்ட நூலிலே சொல்லை உண்மைக்கும் உருவத்தை வெறும் புறவுலகுக்கும் உரியனவாக அவர் வகுத்தபோது, உருவ வழிபாட்டை வெறுக்கும் சமயமரபு ஆராய்ச்சியினுட் புகுந்துவிட்டது. ஓங்குக்குக் கூறிய தடை அவருக்கும் ஒக்கும்.

அமெரிக்கக் கத்தோலிக்க அறிஞர் ஜேம்ஸ் கேரி (1934-2006), 1975 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே தொடர்பாடலை இருவகையாக நோக்கலாம் என்றார். ஒன்று, செய்தியைத் தொலைவிற்குக் கொண்டுசெல்லுதல். மற்றொன்று, கூடிநிற்போர் தம் பொது உலகைச் சடங்கு போல மீண்டும் மீண்டும் உறுதிசெய்தல். இரு நோக்குக்கும் சமய வேருண்டு எனக் காட்டியமை அவர் கட்டுரையின் சிறப்பு. நற்செய்தியைத் தேசந்தோறும் பரப்பும் ஆர்வம் முன்னதற்கும், கூடி வழிபடுதல் பின்னதற்கும் மூலம். கோவிற் கொடியேற்றத்தைக் காணச் செல்வோர் புதிய செய்தி ஒன்றைப் பெறுதற்காகச் செல்வதில்லை. சென்ற ஆண்டு நிகழ்ந்ததே இவ்வாண்டும் நிகழும். அவ்வாறு நிகழ்தலே அதன் பொருள். ஷனனின் கணக்கிலே, முன்னரே அறிந்த செய்தியின் அளவு சூனியம். அச்சூனியத்தினுள் ஒரு சமுதாயத்தின் உயிர் இருத்தலைக் காணச் சமயப் பழக்கமுடைய கண் வேண்டியிருந்தது. ஆயினும் கண்டு சொல்லப்பட்ட பின்னர், அதனைச் சமயப்பற்றில்லாதாரும் ஒப்புக்கொண்டு கையாளுகின்றனர்.

பாரதநாட்டு மெய்யியல் மரபை நோக்கின், இவ்வினா அங்கே பன்னெடுங்காலத்துக்கு முன்னரே முறையாக வாதிக்கப்பட்டமை புலனாகும். சைமினி முனிவர் வழிவந்த மீமாஞ்சகர், வேதம் எவராலும் செய்யப்படாதது என நம்பினர். செய்தவன் இல்லையெனின், இந்நூலை இயற்றியவர் என்ன கருதினார் என்று கேட்டுப் பொருள்கோடல் இயலாது. பொருள் முழுதும் சொல்லினுள்ளேயே கிடத்தல் வேண்டும். ஆகவே சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயற்கையானது என்றும், தொடர் பொருளுணர்த்துவதற்கு வேண்டிய காரணங்கள் இவை என்றும் நுணுகி ஆராய வேண்டியவராயினர். ஒரு சொல் மற்றொன்றை வேண்டிநிற்றலாகிய அவாய்நிலை, பொருளாற் பொருந்துதலாகிய தகுதி, அடுத்து நிற்றலாகிய அண்மைநிலை என்னும் மூன்றும் அவ்வாராய்ச்சியின் பயன். இம்மூன்றும் வேதத்தை நம்பாதார்க்கும் விளங்குவன. தமிழ் இலக்கண உரையாசிரியரும் இவற்றை எடுத்தாண்டனர். வேதம் என்னும் பெயரையே அறியாத மாணவனும், தான் எழுதிய வாக்கியம் பொருளற்றதாய் நிற்றலுக்குக் காரணம் இம்மூன்றனுள் எது குறைந்தது எனத் தேடிக் காணலாம்.

எனினும் நம்பிக்கை அவரை எங்கே தடுத்தது என்பதும் நோக்கத்தக்கது. மீமாஞ்சகருள் ஒருவராகிய பிரபாகரர், சிறு குழந்தை மொழி கற்குமாற்றை எடுத்துக்காட்டினார். 'பசுவைக் கொண்டுவா' என மூத்தோன் ஏவ, இளையோன் பசுவைக் கொணர்கின்றான். அயலிலிருந்து அச்செயலை நோக்கும் குழந்தை, முழுத்தொடரின் பொருளை முதலில் உணர்ந்து, பின்னர் 'குதிரையைக் கொண்டுவா', 'பசுவைக் கட்டு' என்பன போன்ற தொடர்களைக் கேட்டுத் தனிச்சொற்களின் பொருளைப் பிரித்தறிகின்றது. செயலோடு கூடிய தொடரே மொழிக்கு முதல் என்னும் இக்கருத்து மிக ஆழமானது. குழந்தை மொழி கற்றலை அகுஸ்தீனார் பொருளைச் சுட்டிப் பெயர் சொல்லுதலாகக் கண்டதை, 1953 இல் வெளிவந்த நூலின் தொடக்கத்திலே மறுத்த விற்கென்ஸ்ரைன், கட்டடத் தொழிலாளர் ஒருவரையொருவர் ஏவும் சிறு மொழியொன்றையே தம் எடுத்துக்காட்டாகக் கொண்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பிரபாகரர் இதனைக் கண்டதற்குக் காரணம், வேதத்தின் சாரம் விதி என்னும் அவர்தம் நம்பிக்கை. ஆனால் அந்நம்பிக்கையே, ஏவலோடு இயைபில்லாத தொடரினால் சொற்பொருள் கற்றல் இயலாது என அவரைக் கொள்ளச் செய்தது. அதனை மறுத்தோர் காட்டியது ஓர் எளிய தொடர்: 'உனக்கு மகன் பிறந்தான்.' அதனைக் கேட்டவன் எதனையும் செய்யவில்லை. அவன் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியைக் கண்ட அயலான் பொருளை உணரலாமே என்றனர். வேதத்தை மறுத்து இத்தடை எழுப்பப்படவில்லை. எல்லார்க்கும் பொதுவாகிய உலக வழக்கைக் காட்டி எழுப்பப்பட்டது.

நியாய நூலாரின் நம்பிக்கை வேறு. வேதம் இறைவன் வாக்கு என்பது பிற்கால நையாயிகர் கொள்கை. ஆதலின் சொல் பிரமாணமாதற்குக் காரணம் சொல்லியவன் தகுதி என்றனர். நேரே அறிந்தவனும், அறிந்தவாறே பிறர்க்கு அறிவிக்க விழைபவனுமே ஆப்தன், நம்பத்தக்கோன். அவ்விலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒன்றேயாம் என உரைகாரர் வாற்சாயனர் எழுதியமை மிகப் போற்றத்தக்கது. வேதவாக்கை நிலைநாட்ட எழுந்த கொள்கை, வழிப்போக்கன் சொல்லையும் அதே அளவுகோலால் அளந்தது. புத்த சமயத்துத் திக்நாகரோ காட்சி, கருதல் என்னும் இரண்டே அளவைகள் என்று கூறிச் சொல்லைக் கருதலுள் அடக்கினார். இவ்வேறுபாடுகள் தமிழகத்தார்க்குப் புதியனவல்ல. மணிமேகலையின் 27 ஆம் காதையிலே வைதிகவாதி பத்து அளவைகளை விரித்துரைக்க, 29 ஆம் காதையிலே அறவணவடிகள் இரண்டே எனக் கூறுதலைக் காணலாம். சமயம் வேறுபட்டது, அதனால் சொல்லைப் பற்றிய கொள்கையும் வேறுபட்டது. வேறுபட்டோர் வாதிடுதற்கு ஒரு பொது அவை மாத்திரம் வேறுபடாது நின்றது.

சைவசித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொண்டது. சிவஞானசித்தியாரிலே அருணந்தி சிவாசாரியார் பிறர் கூறும் அளவைகளையும் இம்மூன்றனுள் அடக்குகின்றார். சொல் பிறக்குமாற்றைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுத்து, பைசந்தி நிலையில் எழுத்துக்கள் மயில் முட்டையின் நீரில் வண்ணங்கள் அடங்கியிருத்தல் போல வேறுபாடு தோன்றாது அடங்கியிருக்கும் என்று உவமிக்கின்றார். செவிக்குக் கேட்கும் ஒலியையே சொல் என்று கொள்ளும் கொள்கைகள், பேசப் புகுமுன் உள்ளத்தே நிகழும் அந்நிகழ்ச்சியை எட்டுவதில்லை. ஆனால் இந்நான்கு வாக்கும் இற்றைத் தொடர்பாடலியலை முன்னரே கூறிவிட்டன என்று பெருமை பேசுதல் தகாது. அவை ஆன்மாவின் பந்தத்தையும் அறிவையும் விளக்க எழுந்தன. செய்தித்தாளையும் வானொலியையும் விளக்க எழுந்தனவல்ல. பழைய நூலுள் இற்றைக் கொள்கையைக் கண்டு மகிழ்வோர், இரண்டனையும் கற்பதில்லை.

சித்தியாரின் பரபக்கம் பிறிதொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அங்கே பிறர் மதம் அவரவர் கூறுமாறே முன்வைக்கப்பட்டுப் பின்னர் மறுக்கப்படுகின்றது. காட்சியொன்றையே ஒப்பும் உலோகாயதனிடம் ஆகமத்தை எடுத்துக்காட்டிப் பயனில்லை. அவன் ஒப்பும் அளவையினின்றே வாதம் தொடங்குதல் வேண்டும். நம்பிக்கையுடையோன் தன் நம்பிக்கையைக் கைவிடாமலே, மற்றவன் நிற்கும் நிலத்திற்கு இறங்கிச் சென்று பேசும் இம்முறை, தொடர்பாடலின் உயர்ந்ததொரு வடிவம். அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. பரபக்கத்திலே எதிராளி ஒருபோதும் வெல்வதில்லை. முடிவு முன்னரே துணியப்பட்டது. சமயநூலுக்கு அது குற்றமன்று. ஆராய்ச்சிக்கோ, தோல்வியுறும் வாய்ப்பில்லாத வாதம் சோதனையாகாது. அருணந்தியாரிடம் பிறர் கூற்றை நேர்மையுற எடுத்துரைக்கும் பண்பைக் கற்றுக்கொள்ளும் ஆய்வாளன், தன் கூற்றும் வீழக்கூடும் என்னும் துணிவை வேறிடத்தே பெறுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து வரலாறும் இதற்கு ஒரு சான்று தருகின்றது. பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற் பணிபுரிந்த ஆறுமுக நாவலர் (1822-1879), 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோவிலிலே தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. கூடியிருப்போர்க்கு உரைநடையிலே ஒரு பொருளை விளக்கி அறிவுறுத்தும் அம்முறையும், பாடசாலையும், அச்சியந்திரமும் அவர் எதிர்த்துநின்ற மிஷனரிமார் கையாண்ட கருவிகளே. அவரை உந்தியது சைவப்பற்று. கருவியைத் தெரிந்தெடுத்தது, எது மக்கள் உள்ளத்தைச் சென்றடைகின்றது என்னும் கூரிய அவதானம். பற்று ஒன்றே இருந்திருப்பின், அன்னியர் கருவி எனத் தள்ளியிருப்பார். அவதானம் ஒன்றே இருந்திருப்பின், அவ்வுழைப்பிற்கு வேண்டிய உறுதி பிறந்திராது.

இவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, முற்கூறிய இரு சாரார் கூற்றும் முழுமையற்றன என்பது போதரும். சமயத்தை வாயிலிலே கழற்றிவைத்தல் வேண்டும் என்போர், அதனாலன்றிக் கேட்கப்பட்டிராத வினாக்களை மறந்தனர். செய்தவனில்லா நூல் என்னும் நம்பிக்கையின்றி மீமாஞ்சகரின் வாக்கிய ஆராய்ச்சி இல்லை. வழிபாட்டு அனுபவமின்றிக் கேரியின் இரண்டாம் நோக்கு எழுந்திருத்தல் அரிது. சமயம் உரைத்ததே முடிபு என்போரோ, ஓங்கும் பிரபாகரரும் தம் நம்பிக்கையைப் பொதுவிதியாக்கிய இடத்திலேயே வழுவினர் என்பதை மறந்தனர். நம்பிக்கை வினாவைத் தரலாம். பார்க்கும் கண்ணைத் தரலாம். உழைக்கும் உறுதியைத் தரலாம். சான்றைத் தரமாட்டாது. சான்று, நம்பாதவனும் வந்து காணக்கூடிய இடத்திலே இருத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் சமயம் கட்டடம் முடிந்ததும் அவிழ்த்தெறியும் சாரந்தானா என வினவலாம். அன்று. சொல் எவ்வாறு பொருளுணர்த்தும் என்பதற்கு விடை பொதுச் சான்றினாற் பெறப்படும். சொல்லுவோன் ஏன் மெய் சொல்லவேண்டும், கேட்போனைத் தன் கருத்துக்குக் கருவியாக்காது தன்னோடொத்த உயிராக ஏன் மதிக்கவேண்டும் என்பன அளவைகளால் மாத்திரம் முடிவதில்லை. சமயமில்லாதார்க்கும் அவற்றிற்கு விடையுண்டு. சமயமுடையார்க்கு விடை தம் சமயத்தினின்றே வருகின்றது. அதனை மறைத்துப் பேசுவதினும் வெளிப்படக் கூறி, கேட்போர் ஆராய விடுதலே நேர்மை. தன் நம்பிக்கை இது என்று சொல்லி, தன் சான்று இது என்று வேறாகக் காட்டி, பிற சமயத்தான் தரும் திருத்தத்தை ஏற்க ஆயத்தமாய் நிற்கும் ஆய்வாளனே வாற்சாயனர் கூறிய ஆப்தன் என்னும் பெயர்க்குரியன். காலையிற் தேவாரம் ஓதிய மாணாக்கன் அடுத்த பாடவேளையிலே தன் அறிவின் கதவை அடைக்க வேண்டுவதில்லை. எவர் உள்ளே வந்து வினவினும் விடைகூறுமாறு அதனைத் திறந்துவைத்தலே வேண்டும். அப்பழக்கத்தை ஊட்டுதல் சமயத்தின் பெயரால் எழுந்த கல்லூரிகளின் கடமையென்பது துணிபு.